ஒரு கிளாஸ் எருமை

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இந்த நோட்டு பீருக்காக வாங்கியது. நிறம், நுரை, வாசனை, நாக்கில் நிற்கும் நேரம் என்று நாலு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்று நாலு கட்டமும் காலி. குடும்ப விஷயம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காலையிலேயே என் மனைவி அலமேலுவையும் அவள் தம்பி தீர்த்தகிரியையும் காரில் ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டைப் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலுக்குப் போனேன். குடியை விடுகிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டுகிறார்கள். வரிசையில் நாற்பது ஆண்கள் நின்றார்கள். ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் ஒரு அம்மாவோ பெண்டாட்டியோ. "என்னென்ன விடுற, எத்தன நாளைக்கு?" என்று பூசாரி கேட்கிறார். சாமியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பேர் சொல்ல வேண்டும்.

"பிராந்தி, விஸ்கி, ரம்மு, பீரு, கள்ளு, சாராயம். நாப்பத்தெட்டு நாளைக்கு," என்றான் தீர்த்தகிரி. மளிகைக்கடையில் லிஸ்ட் ஒப்பிக்கிறவன் தோற்றான்.

பாலக்கோட்டில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் காலையில் வாயில் வாடையோடு போய் நின்றான். சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவன் பெண்டாட்டி காவேரி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பத்தெட்டு நாளும் சுத்தமாக இருந்து, அதே கோயிலில் கயிற்றை அவிழ்த்தால் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஊரில் இருந்தால் கூட்டாளிகள் விடமாட்டார்கள் என்று பெங்களூரில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள ஏற்பாடு. காவல் நான்.

"நீங்க கூட இருந்தா எனக்குப் பயமில்லீங்க," என்றாள் அலமேலு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். நான் குடிகாரன் இல்லை. ரசிகன். பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிறவன், என் நாக்குக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். குவார்ட்டரை நின்றபடி கவிழ்த்துக்கொண்டு ஊறுகாய் நக்குகிற ஜாதி வேறு, ஒரு கிளாஸ் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிற ஜாதி வேறு.

செப்டம்பர் 3, புதன்

தீர்த்தகிரிக்குக் கை நடுங்குகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். எனக்கும் காலையில் லேசாக நடுக்கம் உண்டு. ஆபீஸ் மிஷின் காபியை நிறுத்த வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

இன்று ஒரு நல்ல யோசனை வந்தது. பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற ப்ரூவரிக்குப் போனால் திரும்பி வர ஆட்டோவுக்கு அலைய வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே கைதேர்ந்த டிரைவர் ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனும் என் கண் பார்வையிலேயே இருப்பான். அலமேலுவிடம் "வெளியே காத்தாட கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

அவனுக்கு லைம் சோடா. எனக்குப் பன்னிரண்டு சதவீதத்தில் ஒரு பெல்ஜியம் வகை. தேன் நிறம், கொஞ்சம் அத்திப்பழ வாசனை. தீர்த்தகிரி மெனுவை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு, "இது என்னா மாமா, ஃபோன் நம்பரா?" என்றான்.

பொறுமையாக விளக்கினேன். மாதக்கணக்கில் ஊற வைக்கிறார்கள், சாதாரண பீரைவிட மூன்று மடங்கு முளைகட்டிய பார்லி மால்ட் போடுகிறார்கள், ஒரு கிளாஸ் குடித்தால் போதும், ஆகவே விலைக்குத் தகும்.

"ஒண்ணு போதுமா?"

"போதும்டா."

"இது மூணாவது மாமா."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. ஆனால் வண்டியை நன்றாக ஓட்டினான். சில்க் போர்டு நெரிசலில் ஒரு குலுக்கல் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பதினைந்தாவது நாள். தீர்த்தகிரி இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். காவேரி முதல் முறையாக அவன் போனை எடுத்தாளாம். பிள்ளைகளிடம் கொடுத்தாளாம். சின்னவன், "அப்பா, உன் வாய் இப்ப நாறுதா?" என்று கேட்டிருக்கிறான். அதைச் சொல்லிச் சிரித்தான், பிறகு பாத்ரூமுக்குள் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து விட்டான்.

அலமேலு என் தட்டில் இன்னொரு போளி வைத்தாள். எல்லாம் என்னால்தானாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆபீசில் எரிச்சல். ஒரு லாட் தேங்காய் பிஸ்கட்டில் கெட்டுப்போன எண்ணெய் வாடை அடித்திருக்கிறது. நான் பார்த்து நல்லது என்று கையெழுத்துப் போட்ட லாட். போன வருஷம் சேர்ந்த பெண் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குச் சளி. மேனேஜர், "சார், ஆர் யூ ஓகே?" என்று கேட்ட விதம் பிடிக்கவில்லை. சளிக்கு எல்லாரும்தான் லீவு போடுகிறார்கள், நான் போடாமல் போனது தப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் ஓரிடத்தில் இறங்கினேன். இரண்டு.

செப்டம்பர் 27, சனி

வந்துவிட்டது! வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ப்ரூவரிக்காரர்கள் விடுகிற பிளாக் பஃபலோ. பதினான்கு சதவீத ஸ்டவுட், விஸ்கி பீப்பாயில் ஒரு வருஷம் கிடந்தது. அக்டோபர் பதினொன்று, ஒரே நாள். சின்னக் கிளாஸ் ஆயிரத்து நூறு ரூபாய். ஒரு ஆளுக்கு இரண்டு கிளாஸ்தான், ஆளை எண்ணி டோக்கன். எங்கள் பீர் குழுவில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், இந்தத் தடவை விலைக்குத் தகுமா என்று தீர்ப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு கிளாஸில் எப்படித் தீர்ப்பு எழுதுவது?

தீர்த்தகிரி பேரில் ஒரு டோக்கன் போட்டுவிட்டேன். அவனும் ஓர் ஆள்தானே.

"எருமைக்கா மாமா இம்புட்டுக் காசு?" என்றான். "சந்தையில ஒரு கன்னுக்குட்டியே வாங்கிடலாம்."

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி, கடை கிடையாது. எனக்கென்ன? பரணைச் சுத்தம் செய்தேன். ஃபேனைத் துடைத்தேன். செருப்பு ஸ்டாண்டை இடம் மாற்றினேன், திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தேன். "ஒரு இடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று அலமேலு கத்தினாள். நானும் கத்தினேன். எதற்கு என்று ஞாபகம் இல்லை.

பிரிட்ஜில் காலையில் நாலு பாட்டில் இருந்தது. சாயந்தரம் ஒன்று. தீர்த்தகிரி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறான், அவன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. எண்ணியது நான், குடித்ததும் நான். எழுதி வைப்பதில் தப்பில்லை.

அக்டோபர் 11, சனி

நாற்பத்திரண்டாவது நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கே போய்விட்டோம். நல்ல கூட்டம். என் இரண்டு கிளாஸ் முதலில் வந்தது. தார் மாதிரிக் கறுப்பு, நுரை வெல்லப்பாகு நிறம். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வறுத்த காபிக்கொட்டை, கொட்டாங்குச்சிப் புகை, அடியில் கொஞ்சம் விஸ்கி. அப்படித்தான் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு விஸ்கி மட்டும்தான் தெரிந்தது. மற்றதைப் போன வருஷக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதினேன். சளி இன்னும் விடவில்லை.

அப்புறம் தீர்த்தகிரியின் இரண்டு. ஒன்றைக் குடித்தேன். கடைசிக் கிளாஸ் அவன் முன்னால் இருந்தது. தீர்ப்பு எழுத வேண்டும், நாக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. எதிரில் இருபது வருஷம் குடித்துத் தேறிய ஒரு நாக்கு லைம் சோடாவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதுவும் நாற்பத்திரண்டு நாளாகக் கழுவித் துடைத்த நாக்கு.

"ஒரு வாய் வெச்சுப் பாத்துச் சொல்லுடா."

"கயிறு கட்டியிருக்கேன் மாமா."

"குடிக்கச் சொல்லலையே. வாயில வெச்சு, ருசி பாத்து, துப்பிடு. நாங்க பிஸ்கட்டுக்கு அப்படித்தான் செய்வோம். முழுங்குனாத்தானேடா குடிச்சது?"

அவன் கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "துப்பிடலாம்ங்கறீங்க."

"துப்பறதுக்குத் தனிக் கிண்ணமே வெச்சிருக்கான் பாரு."

இந்த இடத்தில் நான் வற்புறுத்தவில்லை என்று எழுத ஆசை. வற்புறுத்தினேன். "என் மானம் உன் கையில" என்றேன். "ஆறு நாள்ல முடியப்போற விஷயம்" என்றேன். கிளாஸை நானே எடுத்து அவன் கையில் வைத்தேன்.

ஒரு வாய் எடுத்தான். கண்ணை மூடினான். கிண்ணத்தை அவன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், ஏதோ குழந்தைக்கு வாந்தி பிடிக்கிறவன் மாதிரி. அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"துப்ப மனசு வரல மாமா," என்றான்.

அப்புறம் மீதிக் கிளாஸையும் குடித்தான். ஒரே மூச்சில். தடுக்கக் கை நீட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கிளாஸ் தீர்ந்துபோகிறதே என்றுதான் முதலில் வருத்தமாக இருந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். வழியெல்லாம் அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் அவனே அக்காவிடம் சொல்லிவிட்டான். அடுப்படியில் நின்று, "நேத்து குடிச்சிட்டேங்க்கா" என்றான். என் பேரை எடுக்கவே இல்லை.

அலமேலு கரண்டியை வீசினாள். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க? இந்த மனுஷன் உனக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் நாயா அலைஞ்சாரேடா! அவரு முகத்துல நான் எப்டி முழிப்பேன்?"

அந்த மனுஷன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஒரே பக்கத்தை.

தீர்த்தகிரி பையைத் தூக்கிக்கொண்டான். கயிறு கையிலேயே இருந்தது. "பொய்யா கட்டிக்கிட்டு சுத்த முடியாது மாமா. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல போயி சாமிகிட்டச் சொல்லி அவுத்துக்கறேன்," என்றான். வாசலில் செருப்பு மாட்டும்போது தாழ்ந்த குரலில், "நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அக்கா தாங்காது," என்றான்.

மத்தியானம் குழுவில் தீர்ப்பு எழுதினேன். விலைக்குத் தகும், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. கடைசியில், "கூட வந்த நண்பருக்குத் துப்ப மனம் வரவில்லை, இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்று ஒரு வரி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

காவேரி போன் செய்தாள். அவள் என்னிடம் நேராகப் பேசுவது அபூர்வம்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்னா நம்புவேன். அவரா தேடிப் போயி குடிச்சாரா, இல்ல யாராச்சும் ஊத்திக் குடுத்தாங்களா? அவரா தேடிப் போனார்னா இனிமே எனக்கு அந்த ஆளு வேணாம். எங்க மாமா மகன் திருப்பூர்ல வேல பாத்து வெச்சிருக்கான், புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"தெரியலம்மா," என்றேன். "நான் அப்ப பக்கத்துல இல்ல."

"சரிங்கண்ணா," என்றாள். நன்றி வேறு சொன்னாள்.

போனை வைத்துவிட்டு உட்கார முடியவில்லை. மாடிப்படி ஏறி இறங்கினேன். பால் இருக்கும்போதே பால் வாங்கப் போனேன். அந்த வழியில்தான் கடையும் இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று நாற்பத்தெட்டு.

அக்டோபர் 19, ஞாயிறு

அலமேலுவோடு கோயிலுக்குப் போனேன். தீர்த்தகிரி முன்பே வந்து ஒரு ஓரமாக நின்றிருந்தான். ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். காவேரியும் வந்திருந்தாள், பிள்ளைகள் இல்லாமல். திருப்பூருக்கு நாளை மறுநாள் பஸ் என்று அலமேலுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அலமேலு அழுதாள். "இன்னும் ஒரு தடவ பொறுத்துக்க கண்ணு" என்றாள். காவேரி அழவில்லை.

பூசாரி தீர்த்தகிரி கையைப் பிடித்து, "கயித்தோட குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேன் சாமி."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நானாத்தான்."

நான் செருப்பு விட்ட இடத்துப் பக்கம் நகர்ந்தேன். போய்விடலாம் என்றுதான் நகர்ந்தேன். ஆனால் அவன் அந்த "நானாத்தான்" சொன்னபோது காவேரி தலையைக் குனிந்துகொண்டு முந்தானையை இழுத்துச் சொருகினாள். எல்லாம் முடிந்தது, கிளம்பலாம் என்பது மாதிரி. திரும்பி வந்தேன்.

"நான்தான் ஊத்தினேன்," என்றேன்.

சத்தம் வரவில்லை போல. மறுபடியும் சொன்னேன். கத்தியே சொன்னேன். துப்பிவிடச் சொன்னது, கிளாஸைக் கையில் வைத்தது, போனில் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அலமேலு என்னைப் பார்க்கவே இல்லை, தம்பியைத்தான் பார்த்தாள். அவன் சட்டையைப் பிடித்து, "ஏன்டா சொல்லல? ஏன்டா சொல்லல?" என்று உலுக்கினாள்.

காவேரி என் எதிரே வந்து நின்றாள். "ஊத்தினது நீங்க. முழுங்கினது அவரு," என்றாள். பிறகு பூசாரியிடம், "ரெண்டு பேருக்கும் கட்டுங்க சாமி. எங்க வீட்டுக்காரருக்கு மொதல்ல இருந்து நாப்பத்தெட்டு. அது முடிஞ்சாத்தான் புள்ளைங்க வீட்டுக்கு வரும். தீபாவளி எல்லாம் இல்ல."

"திருப்பூரு?" என்றான் தீர்த்தகிரி.

"பஸ்ஸு எங்கியும் போயிடாது."

அவன் பேர் பேராகச் சொன்னான். பழைய லிஸ்டுதான், இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். தீபாவளிக்கு வீட்டுக்கு வரவேண்டிய பிள்ளைகள் வரமாட்டார்கள். ஒரு வாய், ஒரு கிளாஸ்.

பூசாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னென்ன விடுறீங்க?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க. நான் ருசிக்குத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. பூசாரி என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணி, காபியே குடிக்கவில்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளைக்குக் கட்டட்டும்?"

"தீபாவளி முடிஞ்சு வர்றேன் சாமி."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றார். அவருக்குக் கோபமே இல்லை. "நாப்பத்தெட்டு வேணாம். நாளைக்கு ஒரு நாள் இருப்பீங்களா? விளக்கு வெக்கிற வரைக்கும்? பழக்கந்தான் இல்லியே."

கையை நீட்டினேன். ஒரு நாள் என்ன பெரிய விஷயம்?

அலமேலு என்னோடு வரவில்லை. "தம்பி வீட்டுல யாரும் இல்ல, நான் அங்க இருந்துக்கறேன். நீங்க போங்க," என்றாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காமல் போனாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலை 5.30. எண்ணெய் வைத்துக் குளித்தேன். சாமி கும்பிட்டேன். நன்றாக இருக்கிறேன்.

6.10. பால் பிரிட்ஜில் இருக்கிறது. பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது. கறுப்புக் காபி போட்டுக்கொண்டேன்.

7.45. குழுவிலிருந்து போன். இந்திராநகரில் பதினோரு மணிக்குக் கூடுகிறார்களாம். வருகிறேன் என்றேன். வரவில்லை என்றேன். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

9.00. எதிர்வீட்டுக்காரர் அதிரசம் கொடுத்தார். கையைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

9.20. இப்போதுதான் 9.20.

10.40. சட்டை நனைந்துவிட்டது. இன்னொரு தடவை குளித்தேன். கயிற்றை முழங்கை வரை ஏற்றிப் பார்த்தேன், எளிதாக ஏறுகிறது. கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாலும் தெரியாது. வீட்டில் யாரும் இல்லை. ஏற்றினதைக் கீழே இறக்கினேன்.

12.15. பிரிட்ஜ் மோட்டார் ஓடுகிற சத்தம் ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் கேட்கிறது. பிளக்கைப் பிடுங்கினேன். பால் கெட்டுவிடும் என்று திரும்பச் செருகினேன். தீர்த்தகிரியின் பாய் இன்னும் அதன் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கிறது. அதில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1.30. ஆயிரத்து நூறு ரூபாய்க்குத் தகுமா என்று ஒருவன் கேட்டால் இப்போது பதினோராயிரம் கொடுப்பேன். அழுகை வருகிறது. வெளியில் யாரோ சரவெடி வைக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று.

2.45. விளக்கு வைக்க இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இதே இடத்தில் அவன் நாற்பத்திரண்டு நாள் இருந்தான். இந்தப் பாயில், இந்த மோட்டார் சத்தத்தில், நான் பிரிட்ஜைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு. சனிக்கிழமைகளில் என் எதிரே உட்கார்ந்து லைம் சோடா குடித்துவிட்டு என்னை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. நாற்பத்திரண்டு நாள் இருந்த அவன் கையில்தான், துப்பிவிடலாம் என்று சொல்லி, நான் கிளாஸை வைத்தேன்.